கன்று போடும் மாட்டின் ஈரலும் பூச்சிட்ட கோலினும்: மலையகப் பால்மாடு வளர்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

கன்று போட்டு ஐந்தாறு நாளில் மாடு தீவனத்தை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்புகிறது. புல்லை மட்டும் கொஞ்சம் கடிக்கிறது. சாணி இறுகி உருண்டையாக விழுகிறது. 12 லீற்றர் கறந்த மாடு ஒன்பதுக்கு இறங்கிவிட்டது, ஆனால் காய்ச்சல் இல்லை. குளிர் பட்டுவிட்டது என்று நினைத்து இஞ்சியும் மிளகும் அரைத்துக் கொடுத்து நாலு நாளைக் கடத்திவிடுகிறார்கள். இப்படி நிற்கும் மாடுகளில் பலவற்றுக்குக் கோளாறு ஈரலில்தான் இருக்கிறது. ஈரலுக்குள் கொழுப்பு ஏறியிருக்கும், கொழுப்பு அரைகுறையாக எரியும்போது உண்டாகும் கீற்றோன் இரத்தத்தில் கூடியிருக்கும்.

இதைத் தடுக்க உதவும் பொருட்களில் நல்ல ஆதாரம் உள்ளது, இரைப்பையில் கரையாதபடி பூச்சிட்ட கோலின் என்ற, வைட்டமின் போன்ற சத்து. அதை எந்த மாட்டுக்கு, எப்போது, எத்தனை கிராம் கொடுப்பது, எங்கே காசு வீணாகும் என்பதைப் புதிதாக மாடு வளர்ப்பவருக்கும் விளங்கும்படி இங்கே எழுதியிருக்கிறோம்.

ஈரலுக்குள் என்ன நடக்கிறது

கன்று போடுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போதே மாட்டின் தீன் குறைய ஆரம்பிக்கிறது. கன்று போட்டதும் பால் சுரக்க ஏராளமான சக்தி தேவைப்படுகிறது, ஆனால் தீன் அந்த வேகத்தில் ஏறுவதில்லை. பற்றாக்குறையை ஈடுகட்ட மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைக்கிறது. கரைந்த கொழுப்பமிலங்கள் இரத்தத்தில் கலந்து ஈரலுக்குப் போகின்றன.

அங்கே அவற்றுக்கு மூன்று வழி உண்டு. ஒன்று, முழுதாக எரிந்து சக்தியாகும். இரண்டு, அரைகுறையாக எரிந்து கீற்றோனாகும். மூன்று, திரும்பவும் கொழுப்பாகி ஈரலிலேயே தங்கும். தங்கிய கொழுப்பு வெளியே போக வேண்டுமானால் புரதமும் பொஸ்பாடிடைல்கோலின் என்ற பொருளும் சேர்ந்த சின்னச் சின்னப் பொதிகளாக அதைக் கட்டி இரத்தத்தில் ஏற்ற வேண்டும். இந்தப் பொதி கட்டும் வேலையில் மாட்டின் ஈரல் இயல்பிலேயே மெதுவானது. கோலின் குறைந்தால் இன்னும் சுணங்கும். மடுவத்தில் கொழுந்து வந்து குவிந்துகொண்டே இருக்க, ஏற்றிப்போக லொறி வராத நிலைதான் அது.

ஈரலின் ஈர எடையில் கொழுப்பு நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினால் ஈரலின் வேலை தளர ஆரம்பிக்கும். பத்தைத் தாண்டினால் நிலைமை கடுமை. பாலுக்கு வேண்டிய குளுக்கோசை ஈரல் செய்வது குறையும். நஞ்சுக்கொடி தங்குவது, கருப்பை அழற்சி, நாலாம் இரைப்பை இடம் மாறுவது எல்லாம் இத்தகைய மாடுகளில் கூடுதலாக வருகின்றன.

இதோடு அழற்சியும் சேர்ந்துகொள்கிறது. கன்று போட்ட எந்த மாட்டுக்கும் முதல் வாரத்தில் உடம்பில் கொஞ்சம் அழற்சி இருக்கும். டி.என்.எஃப்-ஆல்பா போன்ற அழற்சித் தூதுப்பொருட்கள் ஏறும். ஈரல் ஹப்டோகுளோபின் என்ற புரதத்தை நிறையச் செய்யும், அல்புமின் செய்வதைக் குறைக்கும். கொழுப்பு ஏறிய ஈரலில் இந்த அழற்சி சீக்கிரம் அடங்குவதில்லை, இரத்தத்தில் கூடிய கொழுப்பமிலங்களே அதைத் தூண்டிவிடும். அழற்சி மாட்டின் பசியைக் கெடுக்கும். பசி கெட்டால் இன்னும் கொழுப்பு கரையும். இந்தச் சுழலில் மாட்டி நாலு நாள் போன பிறகு மருந்துக்கு வேலை செய்வது கஷ்டம். அதனால்தான் கோலினைக் கன்று போடுவதற்கு முன்பே ஆரம்பிக்கச் சொல்கிறோம்.

கோலின் முக்கியமாகச் செய்வது, ஈரலிலிருந்து கொழுப்பை வெளியே அனுப்பும் வேலைக்குக் கைகொடுப்பது. உடம்புக் கொழுப்பு கரைந்து வருவதை அது நிறுத்தாது, எனவே இரத்தத்தில் கொழுப்பமில அளவு பெரிதாக இறங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அழற்சியைப் பொறுத்தவரை, கோலின் கொடுத்த மாடுகளில் அழற்சித் தூதுப்பொருட்கள் குறைந்ததைச் சில சோதனைகள் காட்டின, சில காட்டவில்லை. பால் கூடுவதற்குத்தான் ஆதாரம் உறுதியாக இருக்கிறது. பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால் நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்டத்தான். ஆனால் அவை பெரும்பாலும் 30 லீற்றருக்கு மேல் கறக்கும், 600 கிலோவுக்கு மேல் எடையுள்ள பிரீசியன் மாடுகளில் நடந்தவை. லயத்துப் பட்டியில் 10 லீற்றர் கறக்கும் கலப்பின மாட்டில் அதே அளவை எதிர்பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

முதல் வேலை: திகதியும் உடல் நிலையும்

சினை ஊசி போட்ட அட்டையைத் தேடி எடுங்கள். பிரீசியன், ஜேர்சி, அயர்சயர் எல்லாம் ஏறக்குறைய 280 நாள் சினை. ஒன்பது மாதமும் ஒரு வாரமும் என்று வைத்துக்கொள்ளலாம். மார்ச் 5ஆம் திகதி ஊசி போட்டுச் சினை பிடித்திருந்தால் டிசம்பர் 10ஆம் திகதியை ஒட்டிக் கன்று போடும். பால் வற்ற விடுவது ஒக்டோபர் 11. கோலின் கன்று போடுவதற்கு 21 நாள் முன்பு ஆரம்பிக்க வேண்டும். மாடு சில நாள் முந்திக் கன்று போடுவதும் உண்டு என்பதால் 24 நாள் கணக்கில் நவம்பர் 16இல் ஆரம்பியுங்கள். கன்று போட்ட பிறகு இன்னும் 21 நாள்.

அடுத்து, மாட்டின் உடல் நிலையைப் பாருங்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி கொடுப்பது வழக்கம். கன்று போடும்போது 3 முதல் 3.5 வரை இருப்பது நல்லது. மாட்டின் பக்கவாட்டில் நின்று, இடுப்பெலும்பின் முன் முனையிலிருந்து நடுவிலுள்ள தொடை மூட்டு வரைக்கும், அங்கிருந்து வாலடிக்குக் கீழே உள்ள பின்முனை வரைக்கும் கண்ணால் ஒரு கோடு இழுங்கள். நடுவில் கூராக மடிந்து கூம்பு போலத் தெரிந்தால் 3 அல்லது அதற்குக் கீழே. பிறை போல வளைந்து தெரிந்தால் 3.25 அல்லது அதற்கு மேல். பிறகு வாலடியின் இரு பக்கமும் விரலால் அழுத்துங்கள். மெத்தையாகக் கொழுப்பு அகப்பட்டு, குட்டை விலா எலும்புகளின் நுனியைத் தேடித் தேடித்தான் தொட முடிகிறது என்றால் மாடு 4ஐத் தொட்டிருக்கும். ஆபத்து கூடிய மாடு இதுதான்.

மலையகத்தில் மாடு இப்படிக் கொழுக்க ஒரு பெரிய காரணம் சினை தாமதமாவது. ஒன்றிரண்டு மாடு கட்டியிருக்கும் வீட்டில் மலைக்கு வேலைக்குப் போகும் நேரத்தில் காளைக்கு வந்ததைக் கவனிக்காமல் விட்டால் ஊசி தவறும். இரண்டு மூன்று தடவை தவறினால் பால் குறைந்த நிலையில் மாதக்கணக்காகத் தீவனம் ஓடும். அந்தத் தீனெல்லாம் முதுகில் கொழுப்பாகிவிடும்.

கொழுத்த மாட்டைக் கடைசி இரண்டு மாதத்தில் மெலிய வைக்கப் பார்க்காதீர்கள். சினை மாட்டுக்குத் தீனைக் குறைத்தால் கொழுப்பு அப்போதே கரைந்து ஈரலில் ஏற ஆரம்பித்துவிடும். எடையைச் சரிசெய்யும் காலம் கறவையின் பிற்பகுதி. ஐந்து லீற்றர் கறக்கும் மாட்டுக்கு நாலு கிலோ தீவனம் போடுவதை அப்போதே நிறுத்த வேண்டும். வற்ற விட்ட பிறகு கோலினும் நல்ல நார்த்தீனும்தான் வழி.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

சாதாரண கோலின் குளோரைட் தூள் மலிவு. கோழித் தீவனத்தில் அது வேலை செய்யும். மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும், குடலுக்குப் போய்ச் சேர்வது மிகச் சொற்பம். பார்மசியில் விற்கும் ஈரல் டொனிக் போத்தல்களில் கோலின் என்று எழுதியிருந்தாலும் இதே கதைதான். பொதியின் லேபிளில் இரண்டு விடயம் இருக்க வேண்டும். ஒன்று, இரைப்பையில் கரையாமல் பாதுகாக்கப்பட்டது என்ற குறிப்பு. மற்றது, கோலின் குளோரைட் நூற்றுக்கு எவ்வளவு என்ற அளவு.

சோதனைகளில் பெரும்பாலும் பயன்பட்ட அளவு நாளொன்றுக்கு 12.9 கிராம் கோலின் அயன். கோலின் குளோரைட்டில் முக்கால் பங்குதான் கோலின் அயன், ஆகவே 17.3 கிராம் கோலின் குளோரைட் வேண்டும். லேபிளில் 28.8 சதவீதம் என்றிருந்தால் 60 கிராம் பொருள். 25 சதவீதம் என்றிருந்தால் 69 கிராம். 50 சதவீதமானால் 35 கிராமுக்குச் சற்றுக் குறைவு. சதவீதத்தைப் பார்க்காமல் எல்லாப் பொருளுக்கும் 60 கிராம் என்று போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. 400 கிலோ எடையுள்ள கலப்பின மாட்டுக்கு லேபிளில் தனி அளவு கொடுத்திருந்தால் அதையே எடுங்கள், இல்லாவிட்டால் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள். இரட்டிப்பாகப் போட்டால் செலவு இரட்டிக்கும், பயன் இரட்டிக்காது.

நாளுக்கு 60 கிராம் என்றால் 45 நாளுக்கு 2.7 கிலோ. மாடு சில நாள் பிந்தினாலும் தட்டுப்படாமல் ஒரு மாட்டுக்கு 3 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பையாகத்தான் கிடைக்கும் என்றால் அண்டை வீட்டார் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கிப் பங்கிடலாம். பங்கிடும்போது காலாவதித் திகதியை ஒவ்வொரு டப்பாவிலும் எழுதி ஒட்டுங்கள்.

வாங்கியதும் ஒரு கரண்டி எடுத்துக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பூச்சிட்ட மணிகள் உடனே கரையாது. தண்ணீரில் நிலைத்தது இரைப்பையிலும் நிலைக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, ஆனால் போட்டதும் கரைந்து மறைந்துவிட்டால் அது பூச்சிட்ட பொருள் இல்லை என்பது நிச்சயம்.

கொடுக்கும் முறை

அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கப் ஒதுக்குங்கள். கடைத் தராசில் 30 கிராம் நிறுத்துக் கப்பில் கொட்டி, மட்டத்தில் கோடு போடுங்கள். காலையும் மாலையும் கோடு வரைக்கும். பொருள் மாறினால் கோடும் மாற வேண்டும், ஏனென்றால் ஒரே கொள்ளளவில் ஒவ்வொரு பொருளும் வேறு வேறு எடை.

ஒரு பிடி உலர்ந்த தீவனத்தில் கலந்து முதலில் அதை மட்டும் வையுங்கள். அதைத் தின்று முடித்த பிறகு மீதித் தீவனம். நம் பக்கத்தில் தவிட்டையும் புண்ணாக்கையும் பக்கெட்டில் ஊறவைத்துத் தண்ணீராகக் காட்டும் பழக்கம் இருக்கிறது. கோலினை அதில் போடவே கூடாது. மணிக்கணக்கில் ஊறினால் பூச்சு விடுபட்டு உள்ளே இருப்பது கரைந்துவிடும். சுடுதண்ணீர் இன்னும் மோசம். இடிப்பது, அரைப்பது, உருண்டை பிடித்து வாய்க்குள் திணிப்பது எல்லாம் பூச்சை உடைக்கும் வேலை. மாடு தின்ன மறுத்தால் கருப்பஞ்சாற்றுப் பாகு ஒரு கரண்டியை வைக்கும் நேரத்தில் மேலே தெளித்துப் பழக்கலாம்.

மலையக ஈரக்காற்றில் பொதி திறந்து கிடந்தால் சீக்கிரம் கெடும். கோலின் குளோரைட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி, கருவாட்டு வாடை போல அடித்தால் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். இறுக மூடும் டப்பாவில், அடுப்படிச் சூட்டுக்கும் பட்டி ஈரத்துக்கும் தள்ளி வையுங்கள்.

தொட்டியில் வேறு என்ன இருக்க வேண்டும்

தீன் போதாத மாட்டைக் கோலின் காப்பாற்றாது. 400 கிலோ சினை மாட்டுக்குக் கடைசி மூன்று வாரத்தில் நாளுக்கு ஏறக்குறைய 8 கிலோ உலர்பொருள், அதாவது தண்ணீரைக் கழித்த தீன், வேண்டும். கலப்பு நேப்பியர் புல்லில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் தண்ணீர். எனவே 2 கிலோ தீவனம் வைத்தாலும் 35 கிலோ பச்சைப்புல் வேண்டியிருக்கும். தலைச்சுமையாக ஒரு கட்டு கொண்டு வந்து போட்டால் தீன் ஆகிவிட்டது என்று நினைக்கக் கூடாது, கட்டை ஒரு தடவையாவது நிறுத்துப் பாருங்கள். முற்றிய குவாத்தமாலாப் புல் மட்டும் போட்டால் வயிறு நிறையும், சத்து நிறையாது. நுவரெலியா, இராகலைப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனியில் புல் கருகும். அந்த மாதங்களில் கன்று போடும் மாடு இருந்தால் வைக்கோலோ குழிப்புல்லோ முன்கூட்டியே சேர்த்து வையுங்கள்.

மரக்கறித் தோட்டக் கழிவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கரட் நல்ல தீன். லீக்ஸ் இலையைக் கூடையாகக் கொட்டினால் மாட்டின் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சோகை வரும், சிறுநீர் சிவக்கும். ஈரல் சோர்ந்திருக்கும் நேரத்தில் இது இரட்டை அடி. பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கும், பூச்சிமருந்து அடித்துச் சில நாளே ஆன இலைகளும் தொட்டிக்கு வரக் கூடாது.

கன்று போட்ட பிறகு தீவனத்தை இரண்டு நாளுக்கு ஒரு தடவை அரைக் கிலோ வீதம் ஏற்றுங்கள். பாலைக் கூட்டும் ஆசையில் ஒரேயடியாக ஐந்தாறு கிலோ வைத்தால் இரைப்பையில் புளிப்பு ஏறும். செத்த நுண்ணுயிர்களின் நச்சு இரத்தத்தில் கலந்து ஈரல் அழற்சியைக் கூட்டும், கோலினால் அடைந்த பயன் அத்தோடு போகும். கன்று போட்டதும் ஒரு பக்கெட் இளஞ்சூட்டுத் தண்ணீர் கொடுங்கள். பிறகு எப்போதும் தொட்டியில் தண்ணீர் இருக்கட்டும். கறவை மாடு நாளுக்கு 60 லீற்றருக்கு மேலும் குடிக்கும், மலைக்குளிர் தண்ணீர் என்றால் குடிப்பது குறையும்.

இளைத்த மாடு தேறட்டும் என்று எண்ணெய் ஊற்றாதீர்கள். ஈரலில் ஏற்கெனவே கொழுப்புதான் கூடியிருக்கிறது, பற்றாக்குறை குளுக்கோசுக்கு.

கன்று போட்ட பின் சோதிப்பது

மூன்றாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை, வாரத்துக்கு இரண்டு தடவை கீற்றோன் பாருங்கள். மனிதருக்கான, சிறுநீரில் கீற்றோன் காட்டும் சோதனைப் பட்டியே போதும், பார்மசியில் கிடைக்கும். மாட்டின் யோனிக்குக் கீழே உள்ள தோலை உள்ளங்கையால் மெதுவாக மேலும் கீழும் தடவிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் சிறுநீர் விடும். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் பிடியுங்கள். பட்டியை நனைத்து, பொதியில் சொன்ன நேரத்தில், வழக்கமாக 15 விநாடியில், நிறத்தைப் பாருங்கள். தாமதித்துப் பார்த்தால் நிறம் கூடிக் காட்டி ஏமாற்றும். இரத்தத்தில் பார்க்கும் கருவி இருந்தால், லீற்றருக்கு 1.2 மில்லிமோலும் அதற்கு மேலும் என்றால் வெளியே தெரியாத கீற்றோன் நோய். 3ஐத் தொட்டால் நோய் வெளிப்படையாகத் தெரியும் நிலை.

பால் சேகரிப்பு நிலையத்தில் வரும் கணக்கும் ஒரு தடயம். சீம்பால் முடிந்து பால் ஊற்ற ஆரம்பித்த முதல் வாரங்களில் கொழுப்பு திடீரென்று ஏறி, எஸ்.என்.எஃப். (கொழுப்பு தவிர்ந்த மற்றத் திடப்பொருள்) இறங்கி, பாலும் குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள். அந்தக் கொழுப்பு மாட்டின் முதுகிலிருந்து வருகிறது. ஜேர்சி கலப்புக்கு இயல்பாகவே கொழுப்பு கூட, எனவே அதே மாட்டின் போன கறவைக் கணக்கோடு ஒப்பிடுங்கள். மூச்சிலோ பாலிலோ இனிப்பான, நகப்பூச்சு அழிக்கும் திரவம் போன்ற வாசனை வந்தாலும் கீற்றோன்தான். சிலருக்கு அந்த வாசனை தெரியாது, அதனால் மூக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

சோதனைப் பட்டியின் நிறம் மாறினால் மாட்டு டொக்டரிடம் சொல்லுங்கள். வழக்கமான முதல் வைத்தியம் 300 மில்லிலீற்றர் புரொப்பிலீன் கிளைக்கோல், நாளுக்கு ஒரு தடவை வாய்வழியாக, மூன்று முதல் ஐந்து நாள். தலையை வானத்தைப் பார்க்கத் தூக்காமல், மூக்கு கண் மட்டத்துக்கு மேல் போகாதபடி பிடித்து, கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். இருமினால் உடனே விட்டுவிடுங்கள், நுரையீரலுக்குள் போனால் மாடு பிழைப்பது அரிது. தீவனத் தரமானதை மட்டும் வாங்குங்கள். வாகன ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கோல் பெயரில் நெருங்கிய சொந்தம் போலத் தெரியும், மாட்டுக்கு அது நஞ்சு. கீற்றோன் வந்த மாட்டுக்கும் கோலினைத் தொடருங்கள், ஆனால் அதுவே மருந்து என்று நினைத்துக் கிளைக்கோலை நிறுத்தாதீர்கள்.

கோலின் கொடுத்தும் பலன் தெரியாவிட்டால்

பெரும்பாலும் தாமதமாக ஆரம்பித்ததுதான் காரணம். கன்று போட்ட அன்று முதல் டப்பாவைத் திறந்தால் ஈரல் ஏற்கெனவே நிறைந்திருக்கும். அடுத்தது, ஊறவைத்தது. மூன்றாவது, நோய் வேறு இடத்தில் இருப்பது: நஞ்சுக்கொடி 24 மணி நேரத்துக்கு மேல் விழாமல் கிடப்பது, நாறும் கருப்பைக் கழிவு, மடி வீக்கம். இவை ஓயாமல் அழற்சியைக் கிளப்பிக்கொண்டிருந்தால் கோலின் எடுபடாது, முதலில் அவற்றுக்கு வைத்தியம். ஈரல் தட்டைப்புழுவும் வேறு விடயம், சாணியைச் சோதித்துப் புழுமருந்து கொடுக்க வேண்டியது. இடது விலாவைத் தட்டினால் வெற்றுத் தகரம் போல ஓசை வருவது, மாடு எழும்ப முடியாமல் கழுத்தை மடக்கிப் படுப்பது, காது குளிர்ந்திருப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே டொக்டரை அழையுங்கள். கடைசி இரண்டும் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து குறைந்ததால் வருவன, மணிக்கணக்கில் உயிர் போகும்.

கன்று போட்ட இருபத்தோராம் நாள் கோலினை நிறுத்தலாம், படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. அன்று மாட்டின் உடல் நிலையை மறுபடி பாருங்கள். கன்று போட்ட நாளின் புள்ளியிலிருந்து அரைப் புள்ளிக்கு மேல் இறங்கியிருந்தால் தீவன அளவையும் புல்லின் தரத்தையும் திருத்த வேண்டும். இரண்டு புள்ளிகளையும் சினை ஊசி அட்டையின் பின்பக்கம் திகதியோடு எழுதி வையுங்கள். மீந்த கோலினைப் பக்கத்து வீட்டில் அடுத்துக் கன்று போடும் மாட்டுக்குக் கொடுத்துவிடலாம். அடுத்த வருடத்துக்கு என்று திறந்த டப்பாவைப் பத்திரப்படுத்த வேண்டாம்.